ஷபிரோவை நிறுத்தியிருந்தால் கமலா ஹாரிஸ் ஜெயித்திருப்பாரா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: 2024இல் கமலா ஹாரிஸ் பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபிரோவை விட்டுவிட்டு, மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸைத் துணை அதிபர் வேட்பாளராக எடுத்தாரே, அதனால்தான் தோற்றாரா? அமெரிக்காவில் எதை வைத்து இந்த ஆளைத் தேர்வு செய்கிறார்கள்? கடைசி வரியில், போகிற போக்கில், ஒபாமா இனி துணை அதிபராக நிற்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இரண்டாம் இடத்தில் நிற்கும் ஒருவரால் தேர்தல் முடிவு மாறுமா? மாறாது என்றால் இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அமெரிக்க அரசியலமைப்பு என் பாடங்களில் ஒன்று. எந்தப் பிரசாரக் குழுவுக்குள்ளும் இருந்தவன் இல்லை. ஆகவே மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததாக நான் சொல்வதெல்லாம் அங்கே இருந்தவர்கள் பிற்பாடு சொன்னது, எழுதியது. அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அமெரிக்காவில் அதிபரை முடிவு செய்வது எலக்டோரல் வாக்குகள், அதாவது மாநிலவாரியான தேர்வாளர்கள் போடும் வாக்குகள். 2024இல் டிரம்ப்புக்கு அப்படி 312, ஹாரிஸுக்கு 226. ஜெயிக்க 270 வேண்டும். பென்சில்வேனியாவுக்கு 19 வாக்குகள். ஷபிரோ நின்று, அவருடைய செல்வாக்கில் அந்த மாநிலம் முழுசாக ஹாரிஸ் பக்கம் சாய்ந்திருந்தாலும் டிரம்ப்புக்கு 293, ஹாரிஸுக்கு 245. அப்போதும் தோல்விதான். ஹாரிஸ் 270ஐத் தொட பென்சில்வேனியாவோடு மிச்சிகனும் விஸ்கான்சினும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். அந்த இரண்டும் மினசோட்டாவுக்கு அக்கம்பக்கத்து மத்திய மேற்கு மாநிலங்கள். அங்கே எடுபடுவார் என்று பேசப்பட்டவர் வால்ஸ்தான். அவரை நிறுத்தியும் மூன்றும் போயின. ஆக, ‘ஷபிரோ என்றால் வெற்றி’ என்பது கணக்கில் நிற்காது. ஷபிரோவால் அந்த ஒரு மாநிலமாவது கிடைத்திருக்குமா என்று கேட்டால், அது வேறு கேள்வி. அங்கே டிரம்ப் ஜெயித்த வித்தியாசம் சுமார் 1,20,000 வாக்குகள். கிடைத்திருக்கலாம் என்று சொல்பவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழைய தேர்தல்கள் அவர்களுக்குச் சாதகமாகப் பேசவில்லை.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1988. ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸ், டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சனைத் தன்னோடு நிறுத்தினார். பென்ட்சன் சாதாரண ஆள் இல்லை. 1970இல் அதே டெக்சாஸில் நடந்த செனட் தேர்தலில் மூத்த ஜார்ஜ் புஷ்ஷைத் தோற்கடித்தவர். 1988இல் புஷ்தான் எதிரணி அதிபர் வேட்பாளர். டெக்சாஸ் சட்டப்படி ஒருவர் ஒரே நாளில் செனட்டுக்கும் துணை அதிபர் பதவிக்கும் நிற்கலாம். பென்ட்சன் இரண்டுக்கும் நின்றார். வாக்குப்பெட்டியைத் திறந்தால், டெக்சாஸ் மக்கள் பென்ட்சனைப் பெரிய வித்தியாசத்தில் மீண்டும் செனட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதே வாக்காளர்கள், அதே நாளில், அதே மனிதர் இருந்த அதிபர் ஜோடியை இரட்டை இலக்கப் புள்ளிகளில் தோற்கடித்திருந்தார்கள். ‘உங்களை எங்களுக்குப் பிடிக்கும், ஆனால் நாங்கள் ஓட்டுப் போடுவது உங்களுக்கு மேலே இருப்பவரைப் பார்த்து’ என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 2012இல் பால் ரயனுக்கும் இதேதான்: கீழவைத் தொகுதியில் வெற்றி, தன் மாநிலமான விஸ்கான்சினில் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னியோடு தோல்வி. 2004இல் துணை வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸால் தன் மாநிலமான வட கரோலினாவைக் கொண்டுவர முடியவில்லை. கிறிஸ்டோபர் டிவைன், கைல் கோப்கோ என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பல தேர்தல்களின் தரவுகளை வைத்து ஆராய்ந்தவர்கள். சொந்த மாநில பலன் பெரும்பாலும் கிடையாது, இருந்தாலும் மிகச் சிறியது என்பதே அவர்கள் முடிவு.

சரி, 1960இல் லிண்டன் ஜான்சன் இல்லாமல் கென்னடி ஜெயித்திருப்பாரா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு முன் குடியரசுக் கட்சியின் ஐசனோவர் இரண்டு முறையும் வென்ற டெக்சாஸை அந்த ஆண்டு கென்னடி சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில் பிடித்தார். ஜான்சன் இல்லாமல் அது நடந்திருக்காது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அங்கேயும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. கென்னடிக்குக் கிடைத்தவை 303, தேவைப்பட்டவை 269, டெக்சாஸின் பங்கு 24. டெக்சாஸ் மட்டும் போயிருந்தால் அவருக்கு 279 மிஞ்சியிருக்கும். ஆகவே ஜான்சனின் உண்மையான பங்களிப்பு ஒரு மாநிலத்தோடு முடியவில்லை. தென் மாநிலங்கள் முழுக்க ரயிலில் சுற்றி, கத்தோலிக்கரான வடக்கத்திக்காரருக்கு ஓட்டுப் போடலாமா என்று தயங்கிய கட்சிக்காரர்களைப் பிடித்து வைத்தார். அது எத்தனை மாநிலத்தைக் காப்பாற்றியது என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். ஜான்சனுக்கு அந்த வாய்ப்பு மனதார வழங்கப்பட்டதா, இல்லை மறுத்துவிடுவார் என்று நினைத்து மரியாதைக்குக் கேட்டதா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. மாநாடு நடந்த லாஸ் ஏஞ்சலஸில் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி ஜான்சனின் அறைக்கே போய் விலகிவிடச் சொல்லிப் பார்த்தார் என்பது தெரியும். அண்ணன் சொல்லிப் போனாரா, தானாகப் போனாரா என்பதற்கு அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது தேர்வு முறைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஜோடி என்பதே கிடையாது. தேர்வாளர் ஒவ்வொருவரும் இரண்டு பெயருக்கு வாக்களிப்பார். முதலில் வந்தவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். 1796இல் ஜான் ஆடம்ஸ் அதிபர், அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெஃபர்சன் துணை அதிபர்! 1800இல் ஒரே கட்சியின் ஜெஃபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் தலா 73 வாக்கு விழுந்து, கீழவை 36 சுற்று வாக்கெடுப்பு நடத்தித்தான் முடிச்சை அவிழ்த்தது. 1804இல் 12ஆவது திருத்தம் வந்து இரண்டு பதவிக்கும் தனித்தனி வாக்கு என்று ஆக்கியது. அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல், இரண்டாம் ஆளைத் தேர்ந்தெடுத்தது அதிபர் வேட்பாளர் அல்ல. கட்சி மாநாட்டில் உட்கார்ந்திருந்த பெருந்தலைகள். கோபத்தில் இருக்கும் கோஷ்டிக்கு ஆறுதல் பரிசு கொடுப்பார்கள், தொந்தரவு பிடித்தவரை மேலே தள்ளி ஓரங்கட்டுவார்கள். 1900இல் நியூயார்க் ஆளுநராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட்டை அந்த மாநிலக் கட்சித் தலைவர் தாமஸ் பிளாட் அப்படித்தான் துணை அதிபர் பதவிக்குத் தள்ளினார். அடுத்த ஆண்டே அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறக்க, ஓரங்கட்டப்பட்டவர் அதிபரானார்.

இந்த உரிமையை வேட்பாளர் கைக்குக் கொண்டுவந்தவர் என்று ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைத்தான் சொல்ல வேண்டும். 1940இல் ஹென்றி வாலஸை ஏற்காவிட்டால் நான் நிற்கவே மாட்டேன் என்று மாநாட்டை மிரட்டிப் பணியவைத்தார். அதன் பிறகு 1956இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன் மட்டும் ‘நீங்களே தேர்ந்தெடுங்கள்’ என்று மாநாட்டுக்கு விட்டார். இளம் கென்னடியைத் தோற்கடித்து எஸ்டிஸ் கெஃபாவர் வந்தார். அதோடு அந்தப் பழக்கம் நின்றது.

ஆனால் உரிமை வந்த அளவுக்கு முறை வரவில்லை. மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே அவசர அவசரமாக யாரையாவது பிடிப்பார்கள். அதன் விலையை 1972இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மெகவர்ன் கொடுத்தார். முதலில் கேட்டவர்கள் மறுத்துவிட, மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்குத் தொலைபேசியில் வாய்ப்பு போனது. மறைத்துவைத்த பழைய விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார். மனச்சோர்வுக்காக 1960களில் அவர் மூன்று முறை மருத்துவமனையில் இருந்ததும், மின் அதிர்வுச் சிகிச்சை பெற்றதும் சில நாளில் வெளியே வந்தன. மெகவர்ன் முதலில் ‘ஆயிரம் சதவீதம் அவர் பக்கம்’ என்றார். அப்புறம் விலகச் சொன்னார். தேர்வாகி 18ஆவது நாளில் ஈகிள்டன் போனார், சார்ஜன்ட் ஷ்ரைவர் வந்தார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். மெகவர்ன் எப்படியும் தோற்றிருப்பார், அவர் மாசசூசெட்ஸைத் தவிர வேறு மாநிலம் எதிலும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் ஈகிள்டனை வைத்துக்கொண்டதும் அவசரம், கைவிட்டதும் அவசரம் என்று ஆனதில் அடி வாங்கியது மெகவர்னின் பெயர்தான். மனநலச் சிகிச்சையை ஒரு களங்கமாகப் பார்த்த காலம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்று அதே செய்தி வந்தால் அதே முடிவு வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்தப் பாடத்தைப் படித்தவர் ஜிம்மி கார்ட்டர். 1976இல் வேட்புரிமை முன்கூட்டியே உறுதியானதால் அவருக்கு நேரம் இருந்தது. சார்லஸ் கிர்போ என்ற அட்லாண்டா வழக்கறிஞரை வைத்து ஆள்களை விசாரித்தார், சிலரை பிளெயின்ஸில் இருந்த தன் வீட்டுக்கே வரவழைத்துப் பேசினார், கடைசியில் வால்டர் மான்டேலை எடுத்தார். இன்றைய முறையின் அச்சு அதுதான். இப்போதெல்லாம் ஒரு வழக்கறிஞர் குழு உட்காரும். பல ஆண்டு வருமான வரிக் கணக்கு, கடன், வழக்கு, மருத்துவ அறிக்கை, பழைய பேச்சு, அவையில் போட்ட ஓட்டு, கணவன் அல்லது மனைவியின் தொழில், பிள்ளைகள் சமூக வலைத்தளத்தில் எழுதியது எல்லாம் கேட்பார்கள். நம் ஊரில் வரன் விசாரிப்பவர்கள் பிச்சை வாங்க வேண்டும். வாழ்க்கைத்துணையின் கணக்கைக் கேட்பது சும்மா இல்லை: 1984இல் பெரிய கட்சி ஒன்றின் முதல் பெண் துணை அதிபர் வேட்பாளரான ஜெரால்டின் ஃபெராரோவின் பிரசாரம் பல நாள் முடங்கியது அவருடைய கணவரின் வரிக் கணக்குப் பிரச்சினையால்தான். எவ்வளவு குடைந்தாலும் கடைசி முடிவு ஒரே ஒருவருடையது. 2000இல் இளைய புஷ்ஷுக்கு ஆள் தேடும் பொறுப்பை ஏற்றவர் டிக் செனி. தேடி முடித்தபோது வேட்பாளராக நின்றவரும் டிக் செனி.

செனி விஷயத்தில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு, பலருக்குத் தெரியாது. 12ஆவது திருத்தத்தின்படி ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் தங்கள் மாநிலத்தைச் சேர்ந்த இருவருக்கு வாக்களிக்க முடியாது; ஒருவராவது வெளியாளாக இருக்க வேண்டும். புஷ் டெக்சாஸ் ஆளுநர். செனியும் அப்போது டெக்சாஸில்தான் குடியிருந்தார். அறிவிப்புக்குச் சில நாள் முன்பு அவர் தன் வாக்காளர் பதிவை வயோமிங்கிற்கு மாற்றிக்கொண்டார். இது சும்மா கண்துடைப்பு என்று டெக்சாஸில் வழக்குப் போட்டார்கள், தள்ளுபடியானது. அந்த ஜோடிக்குக் கிடைத்தது 271. டெக்சாஸ் மட்டும் 32. வழக்கு வேறு மாதிரி முடிந்திருந்தால் புஷ் அதிபராகி, அந்த 32 இல்லாமல் செனி 270ஐத் தொடாததால் துணை அதிபரை செனட் தேர்ந்தெடுக்க வேண்டி வந்திருக்கும்.

மாநிலத்தைக் கொண்டுவர முடியாது என்றால் பின்னே எதைப் பார்த்து எடுக்கிறார்கள்? என் கணிப்பு: வேட்பாளர் மேல் மக்களுக்கு இருக்கும் ஒரு சந்தேகத்துக்குப் பதிலாக எடுக்கிறார்கள். ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்றார்கள், பல பதிற்றாண்டுகள் செனட்டில் இருந்த பைடன் வந்தார். மூன்று திருமணம் செய்த நியூயார்க் வியாபாரியான டிரம்ப்பை மதப்பற்றுள்ள கிறிஸ்தவ வாக்காளர்கள் நம்புவார்களா என்ற கேள்விக்கு 2016இல் மைக் பென்ஸ் பதில். சில சமயம் சந்தேகத்துக்குப் பதில் சொல்லாமல் அடிக்கோடு போடுவதும் உண்டு. 1992இல் கிளிண்டன் தன்னைப் போலவே இளவயதுத் தென் மாநிலத்துக்காரரான அல் கோரை எடுத்தார். தலைமுறை மாற்றம் என்ற செய்தி அதிலேயே போய்ச் சேர்ந்தது. 2024இல் டிரம்ப் ஜே.டி. வான்ஸை எடுத்ததையும் இந்த வகையில்தான் வைப்பேன். ஒஹாயோ எப்படியும் குடியரசுக் கட்சிக்குத்தான். ஒரு காலத்தில் டிரம்ப்பைக் கடுமையாக விமர்சித்த வான்ஸ், சமநிலைக்காக அல்ல, வாரிசாக எடுக்கப்பட்டார்.

டிவைனும் கோப்கோவும் சொல்லும் இன்னொன்று எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. துணை வேட்பாளரைப் பார்த்து வாக்காளர் எடைபோடுவது துணை வேட்பாளரை அல்ல, அவரைத் தேர்ந்தெடுத்தவரின் நிதானத்தை. 2008இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெயினுக்குப் பிடித்தவர், 2000இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற ஜோ லீபர்மன். கட்சி கொந்தளிக்கும் என்று ஆலோசகர்கள் பயந்தார்கள். கடைசி நிமிடத்தில், அதிகம் பழகியிராத அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினை அறிவித்தார். கூட்டம் கூடியது, தொண்டர்களுக்கு உற்சாகம் வந்தது. பிறகு தொலைக்காட்சிப் பேட்டிகளில் அவர் தடுமாற, ‘அனுபவம்தான் என் பலம்’ என்ற மெக்கெயினின் பேச்சே அடிபட்டது. பேலினால் எவ்வளவு ஓட்டுப் போனது என்பதில் ஆய்வாளர்களுக்குள் உடன்பாடு இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி விழுந்து பொருளாதாரமே ஆட்டம் கண்டதால், எது எதன் விளைவு என்று பிரித்தெடுப்பது கஷ்டம்.

கமலா ஹாரிஸே 2020இல் இப்படித் தேர்வானவர்தான். பெண் ஒருவரைத்தான் எடுப்பேன் என்று பைடன் அந்த மார்ச்சிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டி அபிஷேகம் செய்ததும், மாநாட்டு உரையில் அவர் ‘சித்தி’ என்று சொன்னதைக் கேட்டு நாமெல்லாம் பூரித்ததும் நினைவிருக்கும். அதனால் அமெரிக்காவில் எவ்வளவு ஓட்டு விழுந்தது என்று கேட்டால், அளந்து சொல்லக்கூடிய அளவுக்கு எதுவும் நிரூபணமாகவில்லை. 2024இல் நிலைமை தலைகீழ். பைடன் ஜூலை 21இல் விலகினார், ஆகஸ்ட் 6இல் வால்ஸ் அறிவிக்கப்பட்டார். மற்றவர்கள் மாதக்கணக்கில் செய்வதை ஒபாமா காலத்து அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் தலைமையிலான குழு இரண்டு வாரச் சொச்சத்தில் செய்தது. பைடனின் போக்குவரத்துத் துறை அமைச்சரும் தன்பாலின ஈர்ப்பாளருமான பீட் புட்டிஜெஜ்தான் பொருத்தமான ஆள், ஆனால் தன்னோடு அவரையும் ஏற்கச் சொல்வது அந்த நேரத்தில் பெரிய அபாயம் என்று பட்டது, ஷபிரோவுக்கோ முடிவுகளில் பங்கு வேண்டும் என்ற எண்ணம் இருந்தது என்று ஹாரிஸ் 2025இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் எழுதினார். ஷபிரோ தரப்பு அதை மறுத்தது. தோற்றவர் எழுதும் நினைவுக்குறிப்பு ஒரு சாட்சியம், தீர்ப்பு இல்லை.

ஆர்ப்பாட்டம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் தேர்தல் நாளில் இல்லை, அதற்குப் பிறகு இருக்கிறது. அதிபர் இறந்ததால் எட்டுப் பேர், விலகியதால் ஒருவர் என ஒன்பது துணை அதிபர்கள் பாதியில் அதிபராகியிருக்கிறார்கள். 1840இல் வர்ஜீனியா ஓட்டுக்காக அன்றைய விக் கட்சி, தன் அதிபர் வேட்பாளர் வில்லியம் ஹாரிசனோடு ஜான் டைலரைச் சேர்த்தது. டைலர் முன்னாள் ஜனநாயகக் கட்சிக்காரர். ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தார், டைலர் கட்சியின் வங்கி மசோதாக்களை வீட்டோ செய்தார், கட்சி அவரையே வெளியேற்றியது. 1864இல் லிங்கனோடு, அப்போதைய துணை அதிபர் ஹானிபல் ஹாம்லினுக்குப் பதிலாக டென்னசியின் ஆண்ட்ரூ ஜான்சன் நிறுத்தப்பட்டார். நாடு ஒன்றுதான் என்று காட்ட, தெற்கத்திக்காரர், எதிர்க்கட்சிக்காரர். இந்த மாற்றத்தில் லிங்கனின் கை எவ்வளவு இருந்தது என்பது பழைய சர்ச்சை. விளைவில் சர்ச்சை இல்லை: லிங்கன் கொல்லப்பட்டபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கான சட்டங்களை ஜான்சன் முடிந்தவரை தடுத்தார், 1868 பதவிநீக்க விசாரணையில் ஒரே வாக்கில் தப்பினார். ஒரு தேர்தலுக்காகப் போட்ட கணக்கு ஒரு தலைமுறையையே பாதித்தது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. தெற்கைத் திருப்திப்படுத்த எடுக்கப்பட்ட லிண்டன் ஜான்சன்தான் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1944இல் வாலஸுக்குப் பதிலாக ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோடு நிறுத்தப்பட்ட ட்ரூமன், துணை அதிபராக இருந்தது 82 நாள். அணுகுண்டு பற்றிய முழு விவரம் அதிபரான பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. 1944 மாநாட்டில் வாலஸை மாற்றச் சொல்லி ஒற்றைக்காலில் நின்ற கட்சித் தலைவர்களுக்கு, ரூஸ்வெல்ட்டின் உடல்நிலையைப் பார்த்து, தாங்கள் தேர்ந்தெடுப்பது அடுத்த அதிபரை என்பது தெரிந்தே இருந்தது.

உங்கள் கடைசிக் கேள்வி, ஒபாமா. 22ஆவது திருத்தம் ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் ‘தேர்ந்தெடுக்கப்பட’க் கூடாது என்கிறது. 12ஆவது திருத்தத்தின் கடைசி வரி, அதிபராகும் தகுதி இல்லாதவர் துணை அதிபராகவும் ஆக முடியாது என்கிறது. தேர்ந்தெடுக்கப்படத்தான் தடை, பதவி வகிக்கத் தடை இல்லை என்று ஒரு சாரார் வாதாடுகிறார்கள். இது சட்டத்தின் நோக்கத்தையே ஏமாற்றும் வேலை என்று மறு சாரார். இரண்டு முறை அதிபராகத் தேர்வான யாரும் துணை அதிபர் பதவிக்கு நின்று பார்த்ததில்லை, உச்ச நீதிமன்றமும் இதில் தீர்ப்புச் சொன்னதில்லை. நான் இரண்டாவது பக்கம். ஆனால் அது என் கருத்துதான், சட்டம் அல்ல.